அள்ளி முடிதல்: இல்லத்துக் கொண்டையும் ஐம்பாற் பகுப்பும்

கூந்தல் புனைவு பற்றித் தமிழில் எழுந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் பூவையும் சாந்தையும் அகிற்புகையையும் தலையணிகளையும் பற்றியனவாகவே உள்ளன. அரங்கேறும் கணிகையின் கூந்தலும் மணமகளின் கூந்தலும் விரித்துரைக்கப்பட்டன. அடுப்பெரிக்கச் செல்பவளும், தறியில் அமர்பவளும், களத்து மேட்டில் நெல் தூற்றுபவளும் ஒரு நொடியில் இரு கையாலும் அள்ளிச் செருகிக் கொள்ளும் கொண்டை மட்டும் ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகக் கருதப்படவில்லை. அதனைப் புனைவு என்று கூறலாமோ என்னும் ஐயமே இதற்குக் காரணம் போலும். புனைவே என்பதும், ஐம்பால் என்னும் பழஞ்சொல்லை விளக்குதற்கு அதுவே பெரிதும் துணை செய்யும் என்பதும் நம் கருத்து. இராசிபுரம் வட்டாரத்து வழக்கினை முன்வைத்து இதனை ஈண்டு ஆராய்வோம்.

இராசிபுரம் முன்னர்ச் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்த ஊர். பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. அதன் தென்கிழக்கே கொல்லிமலை நிற்கின்றது. இவ்வூர்ப்புற இல்லங்களில் தலைமயிரைக் கட்டுதற்கு வழங்கும் சொற்களைச் செவிமடுப்பார் ஒன்றை எளிதில் உணர்வர். அவை பெரும்பாலும் பொருட்பெயர்கள் அல்ல. கைத்தொழிலைக் குறிக்கும் வினைகள். அள்ளுதல், முடிதல், செருகுதல், சுருட்டுதல், பின்னுதல் என்பன அவை. 'அள்ளி முடி' என்பது ஒன்று. 'அள்ளிச் செருகு' என்பது பிறிதொன்று. முன்னதில் மயிரே கயிறாகி முடிச்சு விழும். பின்னதில் முடிச்சு இல்லை. சுருளின் நுனி சுருளுக்குள்ளேயே மறையும். மயிரை மடித்து வளையமாக்கி இறுக்குவது கோடாலி முடிச்சு. இவை தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் உள்ளனவே; இவ்வட்டாரத்துக்கே உரியன என்று நாம் கூறவில்லை. கூந்தல் உள்ளவள் அள்ளி முடிகிறாள் என்னும் பழமொழியும் எங்கும் வழங்குவதே. அப்பழமொழி அள்ளி முடிதலைச் செல்வத்தின் செருக்காகக் காட்டுகின்றது என்பது கருதத்தக்கது. அள்ளுதற்கு நிறைய இருத்தல் வேண்டும். குறைந்ததைக் கிள்ளலாமேயன்றி அள்ளல் இயலாது.

இனி, இக்கொண்டை போடப்படும் முறையைக் காண்போம். எண்ணெய் தேய்த்துச் சீவிய கூந்தலில் இது நன்கு நில்லாது. தலைக்குக் குளித்து உலர்ந்த மறுநாளே இதற்கு ஏற்ற நாள். சேலம், நாமக்கல் பகுதிகளில் சீயக்காயினும் அரப்பு மிகுதியாக வழங்குகின்றது. உசிலை மரத்தின் இலையை உலர்த்தி இடித்த தூளே அரப்பு. நுரைக்கும் இயல்புடைய அத்தூள் எண்ணெயை முற்றிலும் போக்கி மயிரைச் சற்றே சொரசொரப்பாக்கி விடுகின்றது. சீப்புத் தேவையில்லை, கண்ணாடியும் தேவையில்லை. தலையை முன்னே சாய்த்து, பிடரியிலிருந்து விரல்களால் கோதி, கூந்தல் முழுவதையும் ஒரு கைப்பிடிக்குள் கொணர்தல் வேண்டும். சீப்பினால் வாரினால் மயிர் தலையோடு ஒட்டிப் படிந்துவிடும். விரலால் கோதினாலே மேடு பள்ளங்கள் எஞ்சும். அம்மேடு பள்ளங்களே இக்கொண்டையின் அழகு. பின்னர்க் கைப்பிடித்த மயிரை ஒரே பக்கமாக முறுக்குதல் வேண்டும். முறுக்கு ஓரளவு ஏறியதும் மயிர் தானே மடிந்து ஒரு பக்கம் வளையத் தொடங்கும். அது காட்டும் பக்கமாகவே அடியைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை அடிச்சுற்றின் கீழ்ச் செருகினால் கொண்டை நிற்கும். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் முறுக்கு அவிழ்ந்து கொண்டை சரியும். கற்றுக்கொள்ளும் சிறுமியர் தடுமாறுவது பெரும்பாலும் இவ்விடத்தேதான். இறுதியாக, உள்ளங்கையால் கொண்டையை மெல்ல முன்னோக்கித் தள்ளினால் உச்சி மயிர் தளர்ந்து எழும்பும். நெற்றியோரத்தும் காதோரத்தும் சில இழைகள் பிரிந்து விழும். அவற்றை மீண்டும் ஒதுக்காமல் விட்டுவிடுவதே முறை.

நெசவாளர் இல்லத்தில் இம்முறையை விளக்க வேண்டுவதே இல்லை. நூற்சிட்டத்தைக் கலையாமல் வைத்தற்கு அவர்கள் செய்வதும் இதுவே. சிட்டத்தின் இரு முனைகளையும் பிடித்து முறுக்கி, முறுக்கு ஏறியதும் நடுவே மடியவிட்டு, ஒரு முனையை மற்ற முனையின் வளையத்துள் நுழைத்து விடுவர். கட்டுக்கயிறு ஒன்றும் இன்றியே சிட்டம் தன்னைத்தானே பிடித்து நிற்கும். கொண்டையும் அவ்வாறே நிற்கின்றது. சுற்றுந்தோறும் பிடிப்பு வளர்வது கூட்டல் முறையில் அன்று, பெருக்கல் முறையில் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஆய்லர் கயிற்றை வைத்து விளக்கினார். உராய்வுக் கெழு 0.3 ஆக உள்ள கயிறு ஒன்றைத் தூணில் ஒருமுறை சுற்றினால் ஒரு முனையில் இடும் விசை மறுமுனையில் ஏறத்தாழ 6.6 மடங்கு விசையைத் தாங்கும். இருமுறை சுற்றினால் ஏறத்தாழ 43 மடங்கு. தலைமயிர் தூணில் சுற்றிய கயிறு அன்றாயினும், கொண்டைக்கு இரண்டு சுற்றுப் போதுமானதாய் இருப்பதற்கும், எண்ணெய் பூசிய நாளில் அவ்விரண்டு சுற்றும் போதாமைக்கும் காரணம் இதனால் விளங்கும். எண்ணெய் உராய்வைக் குறைக்கின்றது, அரப்பு மிகுவிக்கின்றது.

இனி ஐம்பாலுக்கு வருவோம். சங்கச் செய்யுட்களில் மகளிர் கூந்தலைக் குறிக்கும் இச்சொல்லுக்குப் பழைய விளக்கங்கள் ஐந்து பெயர்களைத் தருகின்றன. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்பது ஒரு வரிசை. குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்பது மற்றொரு வரிசை. முதல் வரிசைக்குத் தரப்படும் பொருளை நோக்குக. உச்சியில் முடித்தல் முடி. பக்கத்தில் முடித்தல் கொண்டை. பின்னே செருகல் சுருள். சுருட்டி முடித்தல் குழல். பின்னி விடுதல் பனிச்சை. ஐந்தும் வினைகள். உச்சி, பக்கம், பின் என இடம் பற்றியும், முடித்தல், செருகல், சுருட்டல், பின்னல் எனத் தொழில் பற்றியும் இப்பகுப்பு அமைந்துள்ளது. இருவேறு அடிப்படைகள் கலந்தமையால் அளவை நூலார் இதனைக் குற்றமுடைய பகுப்பு என்பர். நமக்கோ அக்கலப்பே சான்றாகின்றது. ஏட்டில் இருந்து வகுத்தவர் இவ்வாறு வகுத்திரார். கையின் செயலைக் கண்டவரே இவ்வாறு வகுப்பர். இவ்வைந்தனுள் பூவில்லை, பொன்னில்லை, நெய்யில்லை. 'பின்னே செருகல்' என்பது இன்று இராசிபுரத்து மகளிர் செருகும் கொண்டையினின்றும் எவ்வாற்றானும் வேறுபட்டதாகத் தோன்றவில்லை.

ஐம்பால் என்பது ஒரே காலத்தில் ஒரே தலையில் ஐந்து பகுதியாக வகிர்ந்து முடிப்பது எனக் கொள்வாரும் உளர். விழாக்காலத்துக்கும் அரங்கத்துக்கும் அது பொருந்தலாம். ஆயினும் செய்யுட்களில் ஐம்பால் என்பது பல இடங்களிலும் கூந்தல் என்னும் அளவிலேயே நிற்கின்றது. ஆகலின், ஐவகையாகவும் முடித்தற்கு ஏற்ற நிறைந்த கூந்தல் என்று கொள்வதே வழக்கோடு இயைவது. பழமொழி கூறும் 'உள்ளவள்' இவளே. இரண்டாம் வரிசையில் உள்ள அளகமும் இங்குக் கருதத்தக்கது. அச்சொல் நெற்றியில் விழும் சுரிகுழலுக்கு வழங்குவது. அள்ளி முடிந்தபின் ஒதுங்காமல் விழும் இழைகளுக்குத் தனிப்பெயர் வேண்டுமாயின் அப்பெயர் நம்மிடம் முன்னரே உள்ளது.

பெரும்புனைவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிலப்பதிகாரக் கடலாடு காதையிற் காணலாம். அங்கு மாதவியின் கூந்தல் துவரும் விரையும் ஓமாலிகையும் ஊறிய நீரில் ஆட்டப்பட்டு, புகையால் உலர்த்தப்பட்டு, பகுத்துக் குழம்பு ஊட்டப்படுகின்றது. குறிஞ்சிப்பாட்டு மகளிரோ அருவியாடி, முதுகில் வீழ்ந்த கூந்தலைப் பிழிந்து ஈரம் போக்கிக் கொள்கின்றனர். இரண்டும் புனைவின் இரு எல்லைகள். இல்லத்துக் கொண்டை பின்னதன் பக்கத்தது.

இக்கொண்டைக்குச் சமுதாயப் பொருளும் ஒன்று உண்டு. தமிழ் வழக்கில் விரிந்த கூந்தல் வாளா விரிந்தது அன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூழை விரித்தலைத் தலைவியின் உள்ளக் குறிப்புகளுள் ஒன்றாக வைத்தது. பாண்டியன் அவையில் கண்ணகி விரிந்த கூந்தலோடு நின்றாள். பாரதியாரின் பாஞ்சாலி சபதம் கூந்தல் முடியேன் என்னும் சூளில் சென்று நிறைகின்றது. பாரதக் கூத்து நிகழும் திரௌபதி அம்மன் கோயில்களில், துரியோதனனின் மண்ணுருவம் கிடக்கும் படுகளத்தில், கூந்தல் முடித்தல் தனி நிகழ்ச்சியாகவே நடைபெறுகின்றது. இழவு வீட்டிலன்றித் தலைவிரிகோலம் ஆகாது என்று இல்லத்துப் பெரியோர் இடித்துரைப்பதும் இக்கருத்துப் பற்றியே. மறுபுறம், வாரிப் பின்னிப் பூச்சூடிய கூந்தல் வெளியே செல்லும் கோலம். இவ்விரண்டிற்கும் இடையே, துயரும் அன்று விழாவும் அன்று என அமைந்த வேலைநாளுக்குரிய கோலமே அள்ளி முடிதல். கலைந்திருப்பினும் அது விரிந்தது ஆகாது. அக்கொண்டையோடு விருந்தினரை வரவேற்கலாம். விரித்த தலையோடு வரவேற்றல் ஆகாது. கலைதலுக்கும் விரிதலுக்கும் இடையே இத்துணை நுண்ணிய எல்லை வகுத்த வழக்கினை நாம் எளிதாகக் கடந்து சென்றுவிட்டோம்.

மொழியும் இதற்குச் சான்று பகர்கின்றது. மயிர் என்னும் பழஞ்சொல் இன்று பேச்சில் இழிவழக்காயிற்று. அதன் இடத்தைப் பிடித்தது முடி. முடிக்கப்படுவது எதுவோ அதற்கு அத்தொழிலின் பெயரே ஆகிவந்தது. தலையில் வளர்வதைத் தமிழர் அதன் நிறத்தாலோ நீளத்தாலோ அழையாது, அள்ளி முடியும் செயலால் அழைக்கின்றனர். 'முடி கொட்டுகிறது' என்று கூறுமிடத்தும், முடிச்சு ஒன்றும் இல்லாத தனியிழைக்கு முடிச்சின் பெயரையே கூறுகின்றோம். மேலைநாடுகளிலும் 1890-களில் சார்லஸ் டானா கிப்சன் வரைந்த ஓவியங்கள் தளர்ந்த உயர்கொண்டையை நாகரிகமாக்கின. அண்மைக்காலத்தில் அதனினும் கலைந்த ஒன்று 'மெஸ்ஸி பன்' என்னும் பெயரோடு நம் நகரங்களில் வழங்கலாயிற்று. அதற்கு ரப்பர் வளையமும் கிளிப்பும் வேண்டப்படுகின்றன. கலைந்தது போல் தோன்றச் செய்யும் முயற்சி அதில் மிகுதி. தாயார் நாள்தோறும் அடுக்களையில் முடிந்ததைப் புதிய பெயரால் மகள் கற்றுக்கொள்கிறாள் என்பதில் நமக்கு வருத்தமில்லை. பழைய வினைச்சொற்கள் அப்பெயரோடு கூடவே மறைந்துவிடுமோ என்பதே ஐயம். அள்ளுதற்கும் செருகுதற்கும் உள்ள வேறுபாடு அறியாத மாணவர்க்கு 'பின்னே செருகல்' என்னும் விளக்கம் வெறும் ஒலியாகவே நிற்கும்.

இறுதியாகக் கொல்லிமலை பற்றி ஒன்று. இன்று அம்மலைக்கு ஏறும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளை உடையது. கொண்டையில் செருகும் ஊசியின் வடிவம் மலைப்பாதைக்குப் பெயராயிற்று. மலைக்குரியவனான வல்வில் ஓரியின் பெயர்க்கும் கூந்தற் செய்தியோடு தொடர்புண்டு. ஓரி என்பது பிடரிமயிரையும் குறிக்கும் சொல்; அவன் குதிரையின் பெயரும் ஓரி என்பது சிறுபாணாற்றுப்படையால் அறியப்படும். பெயர்க்காரணம் அதுவே என்று துணிதற்கு இது போதாது. ஆனால் பரணர் இருமுறை, குறுந்தொகை 199-ஆம் பாட்டிலும் நற்றிணை 6-ஆம் பாட்டிலும், தலைவியின் கூந்தல் மணத்துக்கு ஓரியின் கானத்தையே உவமை கூறினார். தனி மலரொன்று உவமையாகவில்லை. ஒரு காடே உவமையாயிற்று. குறுந்தொகைப் பாட்டில் அக்கூந்தல் நெறிப்புடையது. அதன் மணம் ஓரியின் காட்டைத் தடவிவரும் காற்றின் மணம். காட்டினைத் தீண்டிய காற்று ஒழுங்குபட வீசுவதன்று. படிய வாரி இறுக்கிய கூந்தலைக் காட்டிலும், நெளிந்து தளர்ந்த கூந்தலுக்கே அவ்வுவமை பெரிதும் பொருந்துகின்றது. பரணர் கண்ட கூந்தல் விரிந்து கிடந்ததோ பின்னே செருகப்பட்டிருந்ததோ அவர் கூறிற்றிலர்.