இரத்தப் பரிசோதனை: எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்?

“டாக்டர் இரத்தம்கூட எடுத்துப் பார்க்கவில்லை. நாலு கேள்வி கேட்டார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்” என்று நம்மில் பலர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. இரத்தம் எடுத்தால்தான் நல்ல வைத்தியம் என்பது நம் எண்ணம். குடும்ப மருத்துவர்கள் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. பரிசோதனை என்பது ஒரு கேள்விக்கு விடை தேடுவது. கேள்வியே இல்லாமல் தேடினால் வீண் செலவும் வீண் பயமுமே மிஞ்சும் என்கிறார்கள்.

அது எப்படி? பரிசோதனைச் சீட்டில் ‘சரியான அளவு’ என்று இரண்டு எண்கள் இருக்கும். நோயில்லாதவர்கள் பலரின் இரத்தத்தைப் பார்த்து, அவர்களுள் நூற்றுக்கு 95 பேர் அடங்கும்படியே பெரும்பாலும் அந்த எல்லையை வகுக்கிறார்கள். மீதி 5 பேரும் சுகமாக இருப்பவர்கள்தாம்; ஆனால் அவர்கள் அளவு எல்லைக்கு வெளியே நிற்கும். ஆகவே, ஒரே தடவையில் 20 சோதனைகள் செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஏதாவது ஓர் எண் பிசகாக வருவது எளிது. அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. மறுபடி இரத்தம், பிறகு ஸ்கேன், பட்டணத்துக்குப் பஸ், ஒரு நாள் சம்பளம் நஷ்டம். முடிவில், “ஒன்றுமில்லை” என்பார்கள்.

2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், ‘சூசிங் வைஸ்லி’, அதாவது ‘ஆய்ந்து தேர்ந்தெடுப்போம்’ என்ற இயக்கம் தொடங்கியது. தேவையற்ற சோதனைகளை மருத்துவர் சங்கங்களே பட்டியலிட்டன. சில இடங்களில், அதே சோதனை அண்மையில் செய்யப்பட்டிருந்தால் கம்ப்யூட்டர் டாக்டருக்கு நினைவூட்டும். நீரிழிவுக்காரரின் மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையை எடுத்துக்கொள்வோம். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அது அளக்கிறது. போன வாரம் பார்த்ததை இந்த வாரமும் பார்ப்பதில் பயன் ஏது?

இத்தகைய ஏற்பாடுகளைப் பல மருத்துவர்கள் வரவேற்கிறார்கள். ஆனாலும் ஒரு நோயைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற அச்சம் அவர்களுக்கும் உண்டு. வெளியே கூட்டம் காத்திருக்கும்போது, ‘வேண்டாம்’ என்று விளக்குவதைவிடச் சீட்டு எழுதிக் கொடுப்பது சுலபம். ஆகவே சட்டதிட்டம் மட்டும் போதாது. நோயாளியோடு பேச நேரமும் வேண்டும்.

நேயர்களே, ‘சோதனையே வேண்டாம்’ என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள்! டெங்கிக் காய்ச்சலில் நாள்தோறும் இரத்தம் பார்க்கச் சொன்னால் தட்டாமல் போக வேண்டும். காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் ஆபத்து மிகுதி. இரத்தத் தட்டணுக்கள் குறைவதையும் இரத்தம் கெட்டிப்படுவதையும் சோதனைதான் காட்டும். கர்ப்பிணிகளின் இரத்தச் சோதனையும் அப்படித்தான். அங்கே கேள்வி இருக்கிறது. விடையும் உடனே தேவைப்படுகிறது.

ஆகையால் பழைய சீட்டுகளையெல்லாம் ஒரு பையில் பத்திரப்படுத்தி, கிளினிக்குக்குப் போகும்போது கொண்டுபோங்கள். “டாக்டர், இது எதைத் தெரிந்துகொள்ள? முடிவைப் பார்த்து என் வைத்தியம் மாறுமா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.