முதியோர் திறனறி தேர்வும் வினாவின் மொழியும்

திறனறி தேர்வு ஒருவர்தம் ஆற்றலை அளக்கும் கருவியாகும். அஃது ஆற்றலை விடுத்துப் பள்ளிப் பழக்கத்தை அளக்குமாயின் அதன் முடிபு பிழைபடும். புதுச்சேரியைச் சார்ந்த வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் இளமையிற் கல்வி வாய்ப்புப் பெறாத உழவர், கூலியாளர் ஆகியோரை உளங்கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

சொல்லை நீக்கிச் செய்முறையால் அளக்கலாம் என்பது ஒரு கொள்கை. 1955இல் பாட்டியா வெளியிட்ட ஐந்து தேர்வுகளின் தொகுதி அவ்வகையது; எழுத்தறிவு இல்லாதாரையும் கருதி அமைந்தது. எனினும், அதனுள்ளும் உருவரைதல் ஒன்றாக உள்ளது. எழுதுகோல் பிடித்துப் பழகாத கைக்கு அதுவும் பள்ளிப் பாடமே. ஆகவே, சொல்லை நீக்கிய அளவில் நடுநிலை வந்துவிடாது என்பது பெறப்படும்.

பொருள் பழகியதாயின் விளைவு மாறும். லைபீரிய நாட்டுக் கெப்பெல்லே மக்களிடையே கே, கோல் என்போர் நிகழ்த்தி 1967இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. குவித்த அரிசி எத்தனை அளவை வரும் என மதிப்பிடுவதில் அம்மக்கள் அமெரிக்கரினும் துல்லியமாக விடை கூறினர். களத்து நெல்லைக் கண்ணளவாலேயே மதிப்பிடும் பாகூர் உழவர்க்கும் இவ்வாய்ப்பு வேண்டும்.

தமிழில் மற்றொரு தடையும் உண்டு. அதுவே எழுத்து வழக்கு. 'எஞ்சிய தொகையைக் கணக்கிடுக' என்னும் வினாவின்முன் திகைப்பவர், 'நூறு ரூபா குடுத்து அறுபத்தஞ்சு ரூபாய்க்குச் சாமான் வாங்குனா மீதி எவ்ளோ?' என வினவின் உடனே விடை கூறுதல் கூடும். முன்னது மொழிநடையையும் உடன் அளக்கின்றது. பின்னது கணக்கை மட்டும் அளக்கின்றது.

2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்வு படித்தல், எழுதுதல், எண்ணறிவு என்னும் மூன்றுக்கும் தனித்தனியே 50 மதிப்பெண் வகுத்துள்ளது. இப்பகுப்பு பொருத்தமுடையது. படித்தலை அளக்குமிடத்து எழுத்தின் கடுமையை நீக்குதல் ஒண்ணாது. எண்ணறிவை அளக்குமிடத்தோ அக்கடுமை புறத்தடையேயாம். ஆண்டு வினாவை வட்டார வழக்கில் வாய்மொழியாகக் கேட்டல் வேண்டும். மதிப்பெண் இல்லாப் பயிற்சி வினாக்கள் சிலவற்றை முன்னரே தருதலும் இன்றியமையாதது. மொத்தத்தில் ஒத்த திறனுடைய இரு சாராருள் ஒரு சாரார் மட்டும் ஒரு வினாவில் தொடர்ந்து தவறுவாராயின், அவ்வினாவையே ஐயுற்று ஆராய்தல் முறை.

இவ்வாறு செய்தல் சலுகை ஆகாது. தவறான அளவை ஒருவர்க்குத் தொழிற்பயிற்சியை மறுப்பதோடு, தமக்கு அறிவில்லை என அவரையே நம்பச் செய்யும். அளவுகோலின் கோணலை அளக்கப்படுவோர்மேல் ஏற்றுதல் அறமன்று என்பதே எம் துணிபு.