வைக்கோலைப் பாலாக்கும் சிற்றுயிர்கள்

சம்பா அறுவடை முடிந்தால் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு வைக்கோல் போர் எழும்பிவிடும். நெல் நமக்கு, வைக்கோல் மாட்டுக்கு. அரிசியின் மாவுச்சத்தும் வைக்கோல் நாரிலுள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரை கோத்த சரங்கள்தாம். கோத்த முடிச்சுதான் வேறு. நார் முடிச்சை அவிழ்க்கும் நொதி நம் உடம்பில் சுரப்பதில்லை. மாட்டின் உடம்பிலும் சுரப்பதில்லை என்பதுதான் ஆச்சரியம்!

பிறகு பால் எப்படி வருகிறது? பசுவுக்கு நான்கு அறை வயிறு. முதல் அறையில் ஆக்சிஜன் ஏறக்குறைய கிடையாது; சூடு ஏறக்குறைய 39 டிகிரி. அங்கே ஒரு மில்லிலிட்டர் சாற்றில் மட்டும் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பூஞ்சை இழைவிட்டுத் தண்டைப் பிளக்கிறது. ஃபைப்ரோபாக்டர், ரூமினோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் நாரில் ஒட்டிக்கொண்டு அரிக்கின்றன. அவை உடைத்த சர்க்கரையை மற்றவை அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களாக்குகின்றன. பசுவின் ஆற்றலில் பெரும்பங்கு இந்த அமிலங்கள்தாம். உழைத்த சிற்றுயிர்களும் கடைசி அறைக்குப் போய்ச் செரித்து, பசுவுக்குப் புரதமாகின்றன.

2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பசு வயிற்றில் நாரைப் பற்றியிருந்த நுண்ணுயிர்களின் மரபுப்பொருளைப் படித்தார்கள். நார், மாவு போன்றவற்றை உடைக்க வல்லவையாகத் தோன்றும் மரபணுக்கள் 27,755 கிடைத்தன. ஒரு துரும்பின் முடிச்சை அவிழ்க்கப் படைத்தவன் எத்தனை கைகளை வைத்திருக்கிறான்!

பண்ருட்டி ஆடு பலாத்தழை கடிக்கிறது, சிதம்பரத்து மாடு வைக்கோல் மெல்லுகிறது. தீனிக்குத் தக்கபடி உள்ளே நுண்ணுயிர்க் கூட்டமும் மாறும். உதாரணமாக, சவுண்டல் மரத் தழையில் மிமோசின் என்ற நஞ்சு உண்டு. அதை அதிகம் மேய்ந்த ஆஸ்திரேலிய மாடுகள் முடி கொட்டி நலிந்தன. அதே தழையைத் தின்ற ஹவாய்த் தீவு ஆடுகளோ தெம்பாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் 1980களில் அந்த ஆடுகளின் வயிற்று நுண்ணுயிர்களை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குச் சேர்ப்பித்தார். அவற்றுக்கும் நஞ்சை முறிக்கும் திறன் வந்தது. நஞ்சை முறித்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே சேர்த்து, சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று அழைக்கிறார்கள்.

இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டை நம் பிரியமே குலைத்துவிடும். மாட்டுப் பொங்கலன்று சிலர் அண்டா அண்டாவாகப் பொங்கலை ஊட்டுகிறார்கள். திடீரென்று மாவுச்சத்து குவிந்தால் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகும். வயிறு புளித்து, நார் செரிக்கும் உயிர்கள் மடியும். அசைபோடுவது நிற்கும், மாட்டின் உயிருக்கே ஆபத்தாகலாம். கும்பிட்டு ஒரு கைப்பிடி பொங்கல் கொடுங்கள், போதும். வயிறு நிறைய வைக்கோலும் புல்லும் போடுங்கள். புதுத் தீனி எதுவானாலும் நாள்பட, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.