அம்மோனியா: நீரை நாடும் வாயு

பாடநூல்கள் அம்மோனியாவை மூன்று தலைப்புகளில் பிரித்துக் கூறுவது வழக்கம்: பண்புகள், பயன்கள், தீங்குகள். மாணவர்களும் இவற்றை மூன்று தனிப் பட்டியல்களாக மனனம் செய்கின்றனர். இவ்வுரையில் அம்மூன்றையும் ஒரே சரட்டில் கோத்துக் காண முயல்வோம். நீரின்பால் அம்மோனியாவுக்குள்ள தணியாத வேட்கையே அச்சரடு.

முதலில் பெயரைக் காண்போம். எகிப்தியர் வணங்கிய ஆமோன் என்னும் தெய்வத்துக்கு லிபியப் பாலைவனத்தில் ஒரு கோயில் இருந்தது. அதன் அருகே கிடைத்த உப்பு அத்தெய்வத்தின் பெயரால் அழைக்கப்பட்டது. பிற்காலத்தில் அப்பெயர் நவச்சாரத்துக்கு வழங்கலாயிற்று. அதிலிருந்து அம்மோனியா என்னும் சொல் பிறந்தது. நவச்சாரம் தமிழருக்குப் புதிதன்று. சித்த மருத்துவர் அதனை அறிவர். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர், சூடேற்றிய பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவித் துடைத்த பின்னரே ஈயத்தைப் பரப்புவர். நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துத் தேய்த்தால் மூக்கைத் துளைக்கும் நெடி எழும். அந்நெடியே அம்மோனியா.

1774ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கிலேய அறிஞர் இவ்வாயுவைத் தனியே பிரித்தெடுத்தார். அக்காலத்தில் வாயுக்களை நீரின் மேல் சேகரிப்பதே வழக்கம். அம்மோனியாவோ நீரைக் கண்டவுடன் அதில் கரைந்து மறைந்துவிடும். ஆகவே அவர் நீருக்கு மாற்றாகப் பாதரசத்தைப் பயன்படுத்தினார்.

இவ்வேட்கைக்குக் காரணம் யாது? ஒரு நைட்ரஜன் அணுவுடன் மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் முக்காலியின் கால்களைப் போலப் பிணைந்திருப்பதே அம்மோனியா மூலக்கூறு. நைட்ரஜன் மின்னணுக்களைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் மூலக்கூறின் ஒரு புறம் எதிர்மின் தன்மையும் மறுபுறம் நேர்மின் தன்மையும் பெறுகின்றன. நீர் மூலக்கூறும் அத்தகையதே. எனவே இரண்டும் ஒன்றையொன்று வலுவாகக் கவர்கின்றன. 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் 1 லிட்டர் நீர் ஏறத்தாழ 700 லிட்டர் அம்மோனியாவைக் கரைத்துக்கொள்ளும். அக்கரைசல் காரத்தன்மை உடையது; சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டப்படும் நீரூற்றுச் சோதனை இதற்குச் சான்று. அம்மோனியா நிறைந்த குடுவைக்குள் சில துளி நீர் புகுந்ததும் வாயு கரைந்து உள்ளே வெற்றிடம் தோன்றுகிறது. கீழுள்ள நீர் குழாய் வழியே ஊற்றெனப் பீறிட்டு எழுகிறது.

இனிப் பயன்களுக்கு வருவோம். நம் முன்னோர் உழைத்த பால்மரத் தோட்டங்களில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மரத்திலிருந்து வடிந்த பால் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கும். நுண்ணுயிர்கள் அதில் அமிலத்தை உண்டாக்குவதே காரணம். கையுறை முதலியவற்றைச் செய்யப் பால் உறையாமல் இருத்தல் வேண்டும். அதன்பொருட்டு அதில் அம்மோனியா சேர்க்கப்படுகிறது. பாலிலுள்ள நீரில் அது எளிதில் கரைந்து, நுண்ணுயிர்களை அடக்கி, அமிலத்தையும் முறிக்கிறது.

அம்மோனியா மூலக்கூறுகள் தம்முள்ளும் ஒன்றையொன்று கவர்வன. ஆகவே திரவ அம்மோனியா ஆவியாக மாறுவதற்கு மிகுந்த வெப்பம் தேவைப்படுகிறது. அவ்வெப்பத்தை அது சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. ஐஸ் தொழிற்சாலைகளும் மீன் பதனிடும் கூடங்களும் குளிரூட்டுவதற்கு அதனைப் பயன்படுத்துவது இக்காரணத்தாலேயே.

எனினும் உலகில் தயாராகும் அம்மோனியாவின் பெரும்பகுதி உரமாகவே மாறுகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனுடன் இணைக்கும் வழியை ஃபிரிட்ஸ் ஹேபர் கண்டார். கார்ல் போஷ் அதனைப் பெருந்தொழிலாக வளர்த்தார். 1913ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. மலேசியாவில் பிந்துலு, குருண் ஆகிய இடங்களில் அம்மோனியாவிலிருந்து யூரியா உரம் தயாரிக்கப்படுகிறது. மண்ணில் இட்ட யூரியா மீண்டும் அம்மோனியாவாகச் சிதைகிறது. மேற்பரப்பில் கிடந்தால் அது காற்றில் கலந்து வீணாகும். உடனே நீர் பாய்ச்சினால் நீரோடு சேர்ந்து மண்ணுக்குள் இறங்கும். உழவருக்கும் இவ்வேட்கை துணை செய்கிறது.

அண்மையில் மற்றொரு பயனும் சேர்ந்துள்ளது. அம்மோனியாவில் கரிமம் இல்லை. எனவே அது எரியும்போது கரியமில வாயு உண்டாவதில்லை. 2024 மார்ச் மாதம் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் டீசலுடன் அம்மோனியாவையும் எரித்து இயங்கிக் காட்டியது. ஆயினும் இன்று அம்மோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றிலிருந்தே பெறப்படுகிறது. அவ்வேளையில் கரியமில வாயு வெளியாவதையும் நாம் மறத்தலாகாது.

துறைமுகங்களுக்கும் இவ்வாயு வரவிருக்கும் நிலையில் அதன் தீங்கைச் சரியாக அறிந்திருத்தல் இன்றியமையாதது. கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் ஆகிய அனைத்தும் ஈரமான உறுப்புகள். நீரை நாடும் அம்மோனியா அவ்விடங்களையே முதலில் தாக்குகிறது. அங்குள்ள ஈரத்தில் கரைந்து, அரிக்கும் காரமாகிறது. காற்றில் பத்து இலட்சத்தில் 300 பங்கு இருந்தாலே அது உயிருக்கு ஆபத்தான அளவாகக் கருதப்படுகிறது. அதனினும் மிகக் குறைந்த அளவிலேயே நெடி நம்மை எச்சரித்துவிடும். ஆனால் நெடுநேரம் முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும். அப்போது அவ்வெச்சரிக்கையை நம்ப இயலாது.

மாணவர்கள் இங்கே ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்க வேண்டும். அம்மோனியா காற்றைவிட இலேசானது என்று படிக்கிறோம், அது மெய்யே. ஆனால் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட திரவ அம்மோனியா கசியும்போது கடுங்குளிரோடு, நுண்துளிகள் கலந்த வெண்பனிப் படலமாக வெளிவருகிறது. அப்படலம் காற்றைவிடக் கனமானது. மேலெழாமல் தரையை ஒட்டிப் பரவும். இலேசான வாயு மேலே போய்விடும் என்று எண்ணி அங்கேயே நிற்பவர் பேராபத்துக்கு உள்ளாவார்.

காப்பு முறைகளும் முன் கூறிய வேட்கையிலிருந்தே பிறக்கின்றன. கசிவு நேர்ந்தால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகி, காற்று வரும் பக்கம் சேர வேண்டும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது ஓரளவு உதவும்; வாயு துணியிலுள்ள நீரில் கரைந்துவிடும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தூய நீரால் இடைவிடாது கழுவி, உடனே மருத்துவரை நாட வேண்டும். தீயணைப்புப் படையினர் வாயுப் படலத்தின் மீது நீரை நுண்துளிகளாகத் தெளித்து அடக்குவர். ஆனால் தரையில் தேங்கிய திரவத்தின் மேல் நீரைக் கொட்டலாகாது. நீரின் வெப்பத்தால் அது கொதித்து மேலும் வாயுவை எழுப்பும். வீட்டில் அம்மோனியா கலந்த துப்புரவு நீர்மத்தைக் குளோரின் வெளுப்பானுடன் சேர்த்தலும் கூடாது. குளோரமின் என்னும் நச்சு வாயு உண்டாகும்.

ஆசிரியர்கள் நீரூற்றுச் சோதனையைச் செய்து காட்டியபின், குடுவைக்குள் நீர் பாய்ந்த அதே விரைவில் இவ்வாயு ஒருவரின் கண்ணீரில் கரைந்தால் என்ன நேரும் என்று மாணவரிடம் ஒரு வினா எழுப்பலாம். அதற்கு விடை காணும் மாணவர், பண்பு, பயன், தீங்கு என்னும் மூன்றையும் மனனம் செய்யாமலே நினைவில் வைத்திருப்பர்.