கால்சியம் போடும் கட்டு

பல்செட் செய்வதற்கு முன் பல் மருத்துவர் ஒரு பொடியைத் தண்ணீரில் குழைத்து, டிரேயில் நிரப்பி, வாய்க்குள் வைத்து அழுத்துகிறார். சில நிமிடங்களில் குழம்பு கெட்டிப்பட்டு, பற்களின் அச்சோடு வெளியே வருகிறது. அடுப்பும் வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம். கெட்டியாக்கும் வேலையைச் செய்வது அந்தப் பொடியில் கலந்திருக்கும் கால்சியம் உப்பு.

பொடியில் இருக்கும் இன்னொரு முக்கியப் பொருள் ஆல்ஜினேட். பழுப்பு நிறக் கடல்பாசிகளின் செல்சுவரில் உள்ள பாலிமர் இது. இதைப் பிரித்தெடுக்கும் முறைக்கு பிரிட்டிஷ் வேதியியலாளர் ஸ்டான்ஃபோர்டு 1881-இல் காப்புரிமை பெற்றார். மன்னார் வளைகுடாவில், மண்டபம் பகுதியில் சேகரிக்கப்படும் கட்டக்கோரைப் பாசியிலிருந்தும் ஆல்ஜினேட் எடுக்கிறார்கள்.

சோடியம் ஆல்ஜினேட்டைத் தண்ணீரில் கரைத்தால் கொழகொழப்பான திரவம் கிடைக்கும். அதன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. அதனால் ஒன்றையொன்று விலக்குகின்றன. சோடியம் அயனிக்கு ஒரே ஒரு நேர்மின்னூட்டம்தான்; அதனால் சங்கிலிகளைப் பிணைக்க முடியாது. கால்சியத்துக்கு இரண்டு உண்டு. இரு சங்கிலிகள் பக்கத்தில் வரும்போது அவற்றின் மடிப்புகளுக்கு நடுவே குழிகள் உருவாகின்றன. அந்தக் குழிகளில், தட்டில் அடுக்கிய முட்டைகளைப் போலக் கால்சியம் அயனிகள் அமர்ந்து, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கின்றன. 1973-இல் முன்வைக்கப்பட்ட விளக்கம் இது. இப்படி உருவாகும் வலைக்குள் தண்ணீர் சிறைப்படுகிறது. அதுவே ஜெல். எடையில் நூற்றில் ஒரு பங்கு ஆல்ஜினேட்டே இதற்குப் போதும்.

மெக்னீசியத்துக்கும் இரண்டு மின்னூட்டம்தான். ஆனாலும் அது சாதாரணமாக ஆல்ஜினேட்டை உறையவைப்பதில்லை. மின்னூட்டம் மட்டும் போதாது, குழியில் பொருந்தவும் வேண்டும்.

அடுத்த சவால் நேரம். கால்சியம் உடனே வேலையைத் தொடங்கினால், கலவை கிண்ணத்திலேயே கட்டிதட்டிவிடும். அதனால் பல் அச்சுப் பொடியில் மெதுவாகக் கரையும் கால்சியம் சல்பேட்டோடு சிறிதளவு சோடியம் பாஸ்பேட்டும் சேர்க்கிறார்கள். கரைந்து வரும் கால்சியத்தை முதலில் பாஸ்பேட் பிடித்துக்கொள்ளும். பாஸ்பேட் தீர்ந்த பிறகே ஆல்ஜினேட்டின் முறை வரும். டிரேயை வாயில் பொருத்த மருத்துவருக்குக் கிடைப்பது அந்த இடைவெளிதான். வெந்நீரில் குழைத்தால் அது சுருங்கிவிடும். கோடையில் குளிர்ந்த நீரைப் பயன்படுத்துவது இதற்காகத்தான்.

இதே வினையை எதிர்த்திசையில் நடத்தி, நீர் கசியும் புண்களுக்கு மருந்துக்கட்டும் செய்திருக்கிறார்கள். கால்சியம் ஆல்ஜினேட் இழைகளைப் புண்மேல் வைத்ததும், கசியும் நீரிலுள்ள சோடியம் இழைகளிலிருந்து கால்சியத்தின் ஒரு பகுதியை வெளியேற்றுகிறது. இழைகள் நீரை உறிஞ்சி ஜெல்லாக மாறி, புண்ணை ஈரமாக வைத்திருக்கின்றன. கட்டை மாற்றும்போது பிய்த்து இழுக்கத் தேவையில்லை. உப்புநீர் விட்டுக் கழுவினால் ஜெல் எளிதாக வந்துவிடும்.