உங்களுக்குத் தெரியுமா? கிராம்பும் கண் பூஞ்சையும்
பினாங்கு பாலிக் புலாவ் மலைச்சரிவுகளில் வளரும் கிராம்பின் மொட்டைக் கிள்ளினால் சுள்ளென்று ஏறும் மணத்துக்குக் காரணம், யூஜினால் என்னும் வேதிப்பொருள். இது பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும். கருவிழியில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை தாக்கிய எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது, அழற்சியும் குறைந்தது. மஞ்சளின் குர்குமினையும் ஓமத்தின் தைமாலையும் ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள்.

ஆனால் இவை எதுவும் இன்னும் கண் மருந்தாகவில்லை. கண் பூஞ்சைத் தொற்றுக்கு மருத்துவர்கள் முதலில் தருவது நேட்டமைசின் சொட்டு மருந்து; மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து கிடைப்பது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பங்கேற்று 2013இல் வெளியான ஆய்வில், வோரிகோனசோல் என்ற மற்றொரு பூஞ்சை மருந்தைவிட இதுவே சிறந்த பலன் தந்தது.

தோட்ட வேலையில் இலையோ குச்சியோ கண்ணைக் கீறினால் பூஞ்சை தொற்றக்கூடும்; அப்போது கிராம்பு எண்ணெய், மூலிகைச் சாறு எதையும் விடாதீர்கள். அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். தாமதித்தால் பார்வையே பறிபோகலாம்.