வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக் கொள்ளுங்கள். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். மூன்று வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கண்ணுல மாத்திரை பட்டா மானம் போயிடும்டி. அதான் நல்லாயிடுச்சே... நிறுத்திடு!" என்கிறாள் அம்மா. மகளும் நிறுத்திவிடுகிறாள். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி, சரியான தூக்கமில்லாத அலைச்சலில், உறவுக்காரர்கள் நடுவில் விழுகிறாள். ஒன்று நிற்பதற்குள் அடுத்த வலிப்பு...

கதை கற்பனைதான். ஆனால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதால் வரும் இந்த ஆபத்து கற்பனையல்ல.

மாத்திரை என்ன செய்கிறது?

நம் மூளையின் நரம்பு செல்கள் மெல்லிய மின் துடிப்புகளால்தான் ஒன்றோடொன்று பேசிக் கொள்கின்றன. ஏராளமான செல்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் துடித்தால், அதுதான் வலிப்பு. சாமி குற்றமும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை.

ஃபெனிடாயின், கார்பமஸபின் போன்ற மருந்துகள், வாய்க்காலில் மடையை அடைப்பது மாதிரி, செல்லுக்குள் சோடியம் பாயும் வழியைக் கட்டுப்படுத்துகின்றன. ஃபீனோபார்பிடோன், மூளைக்கு இயற்கையாகவே உள்ள 'பிரேக்'கை இன்னும் அழுத்தமாகப் பிடிக்க வைக்கிறது. இது வலிப்புக்குப் பயன்பட ஆரம்பித்தது 1912-ல், ஃபெனிடாயின் 1938-ல். வால்ப்ரோயேட், லெவிடிரசிடாம் எல்லாம் பிறகு வந்தவை.

மருந்து ரத்தத்தில் ஒரே சீரான அளவில் இருந்தால்தான் மடை அடைபட்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வெள்ளம் உடைத்துக் கொண்டு வரும். வலிப்பு நிற்காமல் தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் ஆயுள் முழுக்கவா?

எல்லோருக்கும் அப்படி இல்லை. முறையாகச் சிகிச்சை எடுத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பே இல்லாமல் வாழ முடியும். இரண்டு வருஷம், அதற்கு மேலும் வராமல் இருந்தால், மாத்திரையை நிறுத்தலாமா என்று டாக்டர் யோசிப்பார். அதுவும் ஒரே நாளில் அல்ல; மாதக் கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். அந்தப் பெண்ணின் அம்மா கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்!

மாத்திரையால் தூக்கக் கலக்கம், தள்ளாட்டம், ஈறு வீக்கம் இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவை, மருந்தை மாற்ற வழி இருக்கிறது. உடம்பில் தடிப்பு வந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

கல்யாணமாகப் போகும் பெண்கள் கவனிக்க!

வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கலாம். ஆகவே கருத்தரிப்பதற்கு முன்பே மருந்தை மாற்றுவது பற்றியும், ஃபோலிக் ஆசிட் பற்றியும் கேளுங்கள். ஃபெனிடாயின், கார்பமஸபின், ஃபீனோபார்பிடோன் சாப்பிட்டால் கருத்தடை மாத்திரையின் பலன் குறையும். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். தாய்க்கு வலிப்பு வந்தால் குழந்தைக்கும் ஆபத்துதான்.

இன்னொன்று. வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய இந்து திருமணச் சட்டத்தில் ஒரு காலத்தில் இடம் இருந்தது. 1999-ல் செய்த திருத்தத்தில் அதை நீக்கிவிட்டார்கள். சட்டமே மாறிவிட்டது, நாம் மாறக் கூடாதா? மறைப்பதைவிடச் சொல்லிவிட்டுக் கல்யாணம் செய்வதே நல்லது. அப்போதுதான் புகுந்த வீட்டிலும் பயமில்லாமல் மாத்திரை சாப்பிட முடியும்.

நம்ம ஊரில் கவனிக்க வேண்டியவை

வலிப்பைத் தூண்டுவதில் தூக்கக் கேடு முக்கியமானது. ராத்திரியில் மோட்டார் போட்டு மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அந்த வேலையை வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும். திறந்த கிணற்றில் தனியாகக் குளிக்க இறங்க வேண்டாம். மதுவும் வேண்டாம். அரியலூர் சிமென்ட் லாரியோ, டிராக்டரோ, டூ வீலரோ... ஓட்டுவதும் வேண்டாம்.

எதிரில் ஒருவருக்கு வலிப்பு வந்தால்?

கையில் சாவி, இரும்பு கொடுக்காதீர்கள். வாயில் ஸ்பூனோ தண்ணீரோ கூடாது. கை கால்களை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். சுற்றியுள்ள பொருட்களை நகர்த்துங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108-க்கு போன் செய்யுங்கள்.

மாத்திரைக்குக் காசில்லை என்று யாரும் நிறுத்த வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் வலிப்பு மாத்திரைகளை இலவசமாகவே தருகிறார்கள். பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாகிவிட்டது.

மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போய் வாங்கி வைத்துவிடுங்கள். சீர்வரிசைப் பெட்டியில் முதலில் வைக்க வேண்டியதும் அதுதான்!